நாவடக்கம் மருந்தாகுமா?

உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை என்ற பேச்சு எழும்போதெல்லாம், சென்னையானாலும் பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள புக்கிட் தெங்காவானாலும், தமிழர் வீடுகளில் ஏறக்குறைய ஒரே தீர்ப்புத்தான் காதில் விழுகிறது: வாயைக் கட்டத் தெரியாதவர்கள் வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள். இத்தீர்ப்புக்குள் மூன்று கூற்றுகள் அடங்கியிருக்கின்றன. பருமன் என்பது ஒழுக்கக் குறை என்பது முதலாவது. எனவே உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமே அதற்கு முழு மருந்து என்பது இரண்டாவது. அவற்றை விடுத்துக் கத்தியை நாடுவது குறுக்குவழி, அதுவும் உயிரைப் பணயம் வைக்கும் குறுக்குவழி என்பது மூன்றாவது. படித்தவர்களும், மருத்துவர்களில் ஒரு சாராரும்கூட, ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் இக்கூற்றுகள் மருத்துவ எச்சரிக்கையின் மொழியில் பேசுகின்றனவே தவிர, கடந்த நாற்பது ஆண்டுகளின் மருத்துவச் சான்றுகளோடு பொருத்திப் பார்த்தால் மூன்றில் ஒன்றுகூட அப்படியே நிற்பதில்லை.

புக்கிட் தெங்காவைச் சுற்றியுள்ள நிலப்பகுதி இவ்விவாதத்துக்கு வெறும் பின்னணி அன்று. பிறை, ஜூரு, பத்து காவான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அத்தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபின், இயந்திரத்தின் முன்னும் லாரியின் சுக்கானுக்குப் பின்னும் அமர்ந்து வேலை செய்பவர்களாயினர். விடியற்காலையில் மலைச்சரிவில் ஏறியிறங்கிய உடலுக்கு அளவாக இருந்த சோறு, பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஓரிடத்தில் நிற்கும் உடலுக்கு மிகையாயிற்று. இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்குத் திறந்திருப்பது விடிய விடிய நடக்கும் மாமாக் கடை, அங்கே கிடைப்பது ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும். மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ கொண்டவர்கள். இந்தியர்களிடையே மட்டும் அது 63.9 விழுக்காடு. அதே ஆய்வில் நாட்டின் நீரிழிவு விகிதம் 18.3 விழுக்காடாக இருக்க, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடாக இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் மிகை எடையும் பருமனும் கொண்டோரின் நாடளாவிய விகிதம் 54.4 ஆக உயர்ந்தது. ஒழுக்கக் குறை என்ற விளக்கத்தை ஏற்பவர்கள், ஒரே தலைமுறைக் காலத்தில் ஒரு நாட்டின் பாதிப் பேர் ஒழுக்கம் இழந்தார்கள் என்றும், அதில் இந்தியர்கள் மற்றவர்களைவிட வேகமாக இழந்தார்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல எவரும் முன்வருவதில்லை. ஆனால் தனி ஒருவரைச் சுட்டிச் சொல்லத் தயங்குவதும் இல்லை.

இப்புள்ளிவிவரங்களும் தமிழர் உடலைப் பொறுத்தவரை நிலைமையைக் குறைத்தே காட்டுகின்றன. பருமனை அளக்கும் வழக்கமான கோல் உடல் நிறைக் குறியெண். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறப்படுவது. 25க்கு மேல் மிகை எடை, 30க்கு மேல் பருமன் என்ற உலக வரம்புகளைக் கொண்டே மேற்கண்ட கணக்குகள் எடுக்கப்பட்டன. ஆனால் தெற்காசிய உடல், அதே குறியெண்ணில் ஐரோப்பிய உடலைவிடக் கூடுதல் கொழுப்பைச் சுமக்கிறது. அதுவும் கல்லீரலையும் குடலையும் சுற்றி, நீரிழிவுக்கு இட்டுச்செல்லும் இடத்தில் சுமக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் சகா ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் ஒளிப்படத்தையே வெளியிட்டு இதை விளக்கினார்கள்: இருவரின் குறியெண்ணும் 22.3தான், ஆனால் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கினுடையது 21.2 விழுக்காடு. ஆசியர்களுக்கு 23, 27.5 ஆகிய தாழ்ந்த வரம்புகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அதே ஆண்டில் பரிந்துரைத்ததும், மலேசிய மருத்துவ வழிகாட்டிகள் அவ்வரம்புகளைப் பின்பற்றுவதும் இதனால்தான்.

இனி நாவடக்கத்துக்கு வரலாம். குறைவாக உண்டால் எடை குறையும் என்பதை எவரும் மறுக்கவில்லை. குறைந்த எடை குறைந்தபடியே நிற்குமா என்பதே கேள்வி. மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரங்கள் மிகக் குறைந்த உணவில் வைத்து எடை குறைக்கச் செய்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அவர்களுக்குக் கூடியிருந்தது. உடலின் கொழுப்பிருப்பை மூளைக்கு அறிவித்துப் பசியை அடக்கும் லெப்டின் குறைந்திருந்தது. ஓராண்டு கழித்து, எடையில் ஒரு பகுதி திரும்பிய பின்னரும், அம்மாற்றங்கள் அடங்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டுகள் கழித்து மீண்டும் சோதித்த கெவின் ஹாலின் குழு, 2016இல் இதைவிடத் தெளிவான ஒன்றைக் கண்டது: சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள்; எடை திரும்பியும் அவர்கள் உடல் ஓய்வில் எரிக்கும் ஆற்றல், அந்த உடலமைப்புக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. அணையில் நீர் இறங்கியதும் மதகை அடைப்பதுபோல, இழப்பை உணர்ந்த உடல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அதே நேரத்தில் பசியையும் ஏற்றிவிடுகிறது. ஒரு நாள் இதை மன உறுதியால் வெல்லலாம், ஒரு வருடமும் வெல்லலாம். ஆயுள் முழுவதும், நாள்தோறும் பலமுறை வெல்ல முடிந்தவர்கள் எத்தனை பேர்? பிரிட்டனில் 2004 முதல் 2014 வரையிலான பொது மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு, அறுவை சிகிச்சை பெற்றவர்களை விலக்கி எடுத்த கணக்கு அதற்கு விடை தருகிறது: குறியெண் 40க்கும் 45க்கும் இடைப்பட்ட ஆண்களில், ஓராண்டில் இயல்பான எடைக்குத் திரும்பும் வாய்ப்பு 1,290இல் ஒருவருக்கு, பெண்களில் 677இல் ஒருவருக்கு. இத்தகைய விகிதத்தில் பலன் தரும் வேறொரு மாத்திரையை எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார். அறிவுரையாக இருப்பதால் மட்டும் இது தப்பித்துக்கொள்கிறது.

உணவுமுறைத் தரப்பின் மிக வலுவான சான்றையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். வலுவற்ற எதிர்வாதங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வெல்வது மறுப்பாகாது. ராய் டெய்லரும் மைக் லீனும் பிரிட்டனில் நடத்திய டைரெக்ட் ஆய்வு, நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் தரும் திரவ உணவில் நோயாளிகளை மூன்று முதல் ஐந்து மாதங்கள் வைத்து, ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நீரிழிவிலிருந்து தணிவு பெற்றதாக 2017இல் அறிவித்தது. நீரிழிவு மாற்ற முடியாதது என்ற பழைய நம்பிக்கையை உடைத்ததால் இது போற்றத்தக்க ஆய்வே. ஆயினும் இதில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் கண்டு ஆறாண்டுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள், பயிற்சி பெற்ற செவிலியராலோ உணவியலாளராலோ தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்கள். அப்படியிருந்தும் இரண்டாம் ஆண்டில் தணிவு 36 விழுக்காடாக இறங்கியது. ஐந்தாண்டு வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் 13 விழுக்காட்டினரே தணிவில் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளாக இனிப்பு நீரோடு வாழ்ந்து, இன்சுலின் குத்திக்கொண்டு, இரவு ஷிப்டுக்குப் போகும் ஒருவரிடம் இந்த ஆய்வை மேற்கோள் காட்டி “வாயைக் கட்டு” என்பது, ஆய்வின் வரம்பையும் அவருடைய வாழ்க்கையின் வரம்பையும் ஒருங்கே மறப்பதாகும்.

பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை என்பது பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலும் குடலிலும் செய்யப்படும் அறுவைகளின் பொதுப்பெயர். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகுச் சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை; இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே பாதித் தப்பெண்ணத்துக்குக் காரணம். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில், இரைப்பையின் ஏறத்தாழ எண்பது விழுக்காடு நீக்கப்பட்டு, எஞ்சியது குழாய் வடிவில் தைக்கப்படுகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966இல் தொடங்கிவைத்த பைபாஸ் முறையில், இரைப்பையின் மேல்நுனியில் சிறு பை ஒன்று அமைக்கப்பட்டு, உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொடாமல் நேரே கீழ்ப்பகுதிக்குச் செல்லும்படி இணைக்கப்படுகிறது. இவற்றைப் பற்றிய பொதுக் கருத்து, வயிறு சிறிதாவதால் குறைவாகச் சாப்பிட வேண்டியதாகிறது, அவ்வளவுதான் என்பது. அதாவது, நாவடக்கம் இல்லாதவருக்கு வெளியிலிருந்து பூட்டப்பட்ட பூட்டு. இக்கருத்து 1995லேயே தகர்ந்துவிட்டது. வட கரோலினாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வால்டர் போரிஸ், பைபாஸ் செய்துகொண்ட 608 பேரின் வரலாற்றை அவ்வாண்டில் வெளியிட்டபோது, அவர்களில் நீரிழிவு கொண்ட 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. அதுவும் எடை குறைவதற்கு முன்னரே, அறுவைக்குப் பின் சில நாள்களிலேயே இறங்கத் தொடங்கியிருந்தது. உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைவில் அடைவதால் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்து, கணையத்தைத் தூண்டி, மூளையில் நிறைவுணர்வை ஏற்படுத்துகின்றன. ஸ்லீவில் கிரெலின் சுரக்கும் பகுதியே பெரிதும் வெளியேறிவிடுகிறது. பட்டினி கிடப்பவரின் பசி ஏறுகிறது, அறுவை செய்துகொண்டவரின் பசி இறங்குகிறது. ஒருவர் குறைவாக உண்பதற்கும் இன்னொருவர் குறைவாக உண்பதற்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை “குறுக்குவழி” என்ற சொல் மறைத்துவிடுகிறது.

நீண்டகாலப் பலனைப் பற்றிய ஐயங்களுக்கு விடையாகச் சுவீடனின் ஆய்வு ஒன்றே பெரும்பாலும் போதும். 1987இல் தொடங்கப்பட்ட அது, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், அவர்களை ஒத்திருந்து வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. பத்தாண்டு முடிவில் பைபாஸ் செய்தவர்கள் தங்கள் எடையில் கால் பங்கை இழந்த நிலையில் இருந்தார்கள். மறுதரப்பினரின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 2020இல் வெளியான கணக்கின்படி அறுவை பெற்றவர்களின் ஆயுள் மூன்றாண்டுகள் நீண்டது. அதே கட்டுரை, பொது மக்களோடு ஒப்பிட்டால் அவர்களின் ஆயுள் இன்னும் ஐந்தரை ஆண்டுகள் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. தாமதமாக வரும் சிகிச்சை, உடல் ஏற்கெனவே பட்ட சேதத்தை முழுவதும் அழிப்பதில்லை. 1,74,772 பேரின் தரவுகளைத் தொகுத்து 2021இல் லான்செட் வெளியிட்ட பகுப்பாய்வில், நீரிழிவு இல்லாதவர்களுக்கு ஆயுள் நீட்சி 5.1 ஆண்டுகள், நீரிழிவு உள்ளவர்களுக்கு 9.3 ஆண்டுகள். மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள சமூகத்தில் இந்தக் கடைசி எண்ணைக் கேட்டும் அசையாதவர்கள், சான்று கேட்பவர்கள் அல்லர்.

“ஆனால் சர்க்கரை திரும்பி வந்துவிடுகிறதே” என்பது அடுத்த வாதம். திரும்புகிறது, உண்மைதான். சுவீடனில் இரண்டாம் ஆண்டில் 72 விழுக்காட்டினர் தணிவில் இருந்தனர். பத்தாம் ஆண்டில் 36 விழுக்காட்டினரே. ரோமில் 60 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஜெல்ட்ரூட் மிங்க்ரோன் நடத்திய ஆய்வில், பத்தாண்டு கழித்து அறுவை பெற்றவர்களில் 37.5 விழுக்காட்டினர் தணிவில் நீடித்தார்கள்; மருந்து மட்டும் பெற்றவர்களில் 5.5 விழுக்காடு. பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு என்பதைத் தோல்வி என்று அழைப்பவர்கள், மாற்றாக முன்வைப்பது இருபதில் ஒரு பங்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலும், நோய் தணிந்திருந்த ஆண்டுகள் வீணாவதில்லை. கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் தாக்கும் நுண்குருதிக் குழாய்ச் சிதைவு, சுவீடனில் அறுவை பெற்ற நீரிழிவு நோயாளிகளிடம் பாதிக்கும் குறைவாகவே தோன்றியது.

உயிராபத்து என்ற அச்சத்துக்குத் தமிழுலகில் அண்மைக் காரணம் உண்டு. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் இச்சிகிச்சையின்போது உயிரிழந்தார்; செய்தி மலேசியத் தமிழர்களின் கைப்பேசிகளையும் எட்டியது. 2022 மே மாதம் பெங்களூரில் இளம் கன்னட நடிகை ஒருவர் இறந்ததும் அதே பட்டியலில் சேர்த்துப் பேசப்படுகிறது, அவருக்கு நடந்தது கொழுப்பு நீக்கும் அழகுச் சிகிச்சையாக இருந்தபோதிலும். ஓர் இளைஞரின் மரணத்தை எண்ணிக்கையால் மழுப்ப முடியாது. அது விசாரிக்கப்பட வேண்டியது, பொறுப்பு நிர்ணயிக்கப்பட வேண்டியது. ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு, இச்சிகிச்சை அனுபவமிக்க குழுவும் தீவிர சிகிச்சை வசதியும் உள்ள இடத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்பதாகத்தான் இருக்க முடியும். அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில் முப்பது நாள்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூவர்; பித்தப்பையை நீக்கும் அறுவையும் முழங்கால் மூட்டு மாற்றும் அறுவையும் இதிலிருந்து வெகுவாக வேறுபட்டவையல்ல. மூட்டு மாற்றச் செல்லும் அத்தையிடம் எவரும் “இது குறுக்குவழி, நடந்து பழகு” என்பதில்லை.

உண்மையான விலை அறுவை மேசைக்கு அப்பால் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் போதுமான அளவு பேசுவதில்லை. அறுவைக்குப் பின் இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை உடல் போதிய அளவு ஈர்ப்பதில்லை. இவை ஆயுள் முழுவதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ செல்ல வேண்டும், ஆண்டுதோறும் இரத்தச் சோதனை வேண்டும். சைவ உணவினருக்குப் பி12 குறைபாடும் மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புக் குறைபாடும் இன்னும் நெருக்கமான ஆபத்துகள். கருத்தரிப்பதை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தள்ளிப்போட வேண்டும். விரைந்த எடையிழப்பில் பித்தக்கற்கள் தோன்றலாம். ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் கூடலாம். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பு மிகுந்ததை உண்டால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரும் நிலைக்கு உள்ளாகலாம். மது அவர்கள் இரத்தத்தில் விரைவாக ஏறுவதால் குடிநோயின் ஆபத்து கூடுகிறது. சிலரிடம் மனச்சோர்வும் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் போக்கும் மிகுவதாக ஆய்வுகள் எச்சரிக்கின்றன. வாழையிலையில் மறுசோறு மறுப்பதை அவமதிப்பாகக் கருதும் உறவுக் கூட்டத்தில், நாலு கவளத்தோடு எழுந்துவிடுபவர் படும் பாட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். இவ்வளவையும் ஆயுள் முழுவதும் சுமக்க ஒப்புக்கொள்பவரைச் சோம்பேறி என்றழைப்பதில் உள்ள முரண், அப்படி அழைப்பவர்களுக்கு ஏனோ உறைப்பதில்லை.

அண்மையில், அறுவை தேவையில்லை என்ற கருத்து புதிய உடை ஒன்றை அணிந்திருக்கிறது: வார ஊசி வந்துவிட்டது, இனிக் கத்தி எதற்கு என்பது. செமாகுளுடைட், டிர்செபடைட் ஆகிய மருந்துகள் பெரும் முன்னேற்றமே. முதலாவது 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்தது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனின் வேலையைப் போலச் செய்தே இம்மருந்துகள் எடையைக் குறைக்கின்றன என்பதே, பருமன் ஹார்மோன்களால் ஆளப்படும் நோய் என்பதற்கு இன்னொரு சான்று. மாதந்தோறும் நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவிட்டு ஆயுள் முழுவதும் ஊசி போட இயலாத தொழிற்சாலை ஊழியருக்கு, ஒரு முறை செய்யப்படும் அறுவை இன்னும் பொருளற்றதாகிவிடவில்லை.

வருமுன் காப்பதே சிறந்தது என்பவர்களின் குரலுக்குப் பினாங்கில் மதிப்புமிக்க மரபு உண்டு. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், காலஞ்சென்ற எஸ்.எம். முகமது இத்ரிஸின் தலைமையில், சீனிக்கும் சத்தற்ற பண்டங்களுக்கும் எதிராகப் பல பத்தாண்டுகள் தமிழிலும் போராடியது. 2019 ஜூலையில் மலேசிய அரசு, நூறு மில்லி லிட்டருக்கு ஐந்து கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. தேவையான வரிதான், கடையில் ஆற்றித்தரும் தே தாரிக்கை அது தொடுவதில்லை என்றாலும். எனினும் அடுத்த தலைமுறையைக் காக்கும் வரி, குறியெண் 42இல் நிற்கும் இன்றைய நாற்பத்தைந்து வயதுக்காரரின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்காது. தடுப்பையும் சிகிச்சையையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்துவது வேறெந்த நோயிலும் நடப்பதில்லை. கொசுவை ஒழிக்கச் சொல்பவர்கள் டிங்கிக் காய்ச்சலில் கிடப்பவருக்கு மருத்துவமனைக் கட்டிலை மறுப்பதில்லை.

அமெரிக்க, உலகப் பேரியாட்ரிக் மருத்துவச் சங்கங்கள் 2022இல் கூட்டாக வெளியிட்ட பரிந்துரை, ஆசியர்களுக்குக் குறியெண் 27.5 முதலே இச்சிகிச்சையைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 40, அல்லது துணைநோய் இருந்தால் 35, என்ற பழைய வரம்பே இன்னும் பலரின் மனத்தில் இருக்கிறது. தகுதியுள்ள எல்லோரும் செய்துகொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. சுகாதாரக் கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்தளவை ஏற்றித்தரும் மருத்துவர், இப்படியொரு வழி இருப்பதை நோயாளியிடம் ஒருமுறையேனும் சொல்லி, விரும்பினால் நிபுணருக்குக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்பதே இதன் பொருள். அக்கடிதம் எழுதப்படாமல் போவதற்குப் பணமும் காரணம்: தனியார் மருத்துவமனையில் இது பல்லாயிரம் ரிங்கிட் செலவு, அரசு மருத்துவமனைகளில் சிலவற்றில் மட்டுமே செய்யப்படுகிறது, எடைக்குறைப்புச் சிகிச்சை பல மருத்துவக் காப்புறுதி அட்டைகளின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. இந்த விலக்கின் அடியிலும் இருப்பது அதே பழைய தீர்ப்புத்தான், தானே தேடிக்கொண்ட நோய்க்குப் பிறர் ஏன் பணம் கட்ட வேண்டும் என்பது.

ஆனால் பிறர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் செயலிழக்கக் காரணம் நீரிழிவு. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், உயிர் உள்ளவரை நடக்கும் அச்சிகிச்சைக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ பணம் தருகிறது, அறநிறுவனங்கள் தருகின்றன, கோயில் மண்டபங்களில் நிதி விருந்து வைத்துத் திரட்டப்படுகிறது. கொடுப்பவர் எவரும் நோயாளியின் நாவைப் பற்றி விசாரிப்பதில்லை. அதே நோயாளி பத்தாண்டுக்கு முன், சிறுநீரகம் நன்றாக இருந்தபோது, இரைப்பை அறுவைக்கு உதவி கேட்டிருந்தால் மட்டும் அந்த விசாரணை நடந்திருக்கும்.